விவாகரத்துக்குப் பிறகு பிள்ளை யாரிடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிய முடிவெடுத்த தம்பதிகளோடு சமரச மேசையில் உட்கார்வது என் வேலை. கதைகள் வீட்டுக்கு வீடு மாறும். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஒரே பதிலைப் பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில், இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழிக்கு நெருக்கமாக விட்டிருக்கிறேன். நான் சொல்லும் சம்பவங்களில் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் வழக்கைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். அவரைப் பார்க்கப் போகும் முன் மனத்தில் தெளிந்திருக்க வேண்டியவை இவை.

கஸ்டடி என்றால் பிள்ளை யாரோடு இருக்கும் என்பதுதானே? இதில் குழம்ப என்ன இருக்கிறது?

அது பாதிதான். பிள்ளை அன்றாடம் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஒன்று. எந்தப் பள்ளி, எந்த மருத்துவம், பாஸ்போர்ட் எடுக்கலாமா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் யார் என்பது இன்னொன்று. முன்னதை வசிப்புப் பொறுப்பு என்றும் பின்னதை முடிவெடுக்கும் பொறுப்பு என்றும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒருவரோடு வசிக்கும், பெரிய முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுப்பார்கள் என்ற ஏற்பாடு மிகச் சாதாரணமானது. இது தெரியாமல், வசிப்பு கைவிட்டுப் போனதும் எல்லாமே போய்விட்டதாக நினைத்துப் பள்ளிப் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கஸ்டடி என்றதும் நமக்குக் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தச் சொல்லையே கைவிட்டு, ‘வசிப்பு’, ‘தொடர்பு’ என்று இரண்டாகப் பிரித்தது. வசிப்பு கிடைத்தவர் ஜெயித்தவர், தொடர்பு கிடைத்தவர் தோற்றவர் என்று அதிலும் ஜனங்கள் கணக்குப் போட்டதால், 2014இல் இரண்டையும் சேர்த்து ‘குழந்தைக்கான ஏற்பாடு’ என்று ஒரே உத்தரவாக்கியது. பெயரை மாற்றியதால் சண்டை நின்றுவிடவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

சின்னக் குழந்தை என்றால் அம்மாவிடம்தானே கொடுப்பார்கள்?

பெரும்பாலும் நடைமுறை அப்படித்தான். ஆனால் அதை விதி என்று நம்பி எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வராதீர்கள். இந்த எண்ணத்துக்கு அப்படியொன்றும் வயது அதிகமில்லை. பழைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளை அப்பாவுடையது. அம்மாவுக்கு அதன்மேல் உரிமையே கிடையாது. கரோலைன் நார்ட்டன் என்ற பெண்மணி, தன் மூன்று பிள்ளைகளையும் கணவர் கொண்டுபோய்விட்ட பிறகு விடாமல் போராடியதன் பயனாக, 1839இல்தான் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அம்மா நீதிமன்றம் போக அங்கே வழி பிறந்தது. பின்னர் ஊசல் மறுபக்கம் போய், இளம் பிள்ளை என்றாலே அம்மா என்றானது.

இன்று பல நாடுகளில் இருவரையும் சமமாக வைத்துத்தான் விசாரணை தொடங்குகிறது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத பிள்ளை ‘சாதாரணமாக’ அம்மாவிடம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் ‘சாதாரணமாக’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ விதிவிலக்குகள் நுழைந்திருக்கின்றன. அதே சட்டம், எல்லாவற்றுக்கும் மேலானது பிள்ளையின் நலனே என்றும் சொல்கிறது.

எல்லா உத்தரவிலும் ‘குழந்தையின் நலன்’ என்று எழுதுகிறார்கள். அதை எதை வைத்து அளக்கிறார்கள்?

1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையிலிருந்து உங்கள் ஊர் நீதிமன்ற உத்தரவு வரை எல்லா இடத்திலும் வரும் சொற்றொடர் இது. அளவுகோல் என்று ஒன்று கிடையாது. நீதிபதி பார்ப்பது அன்றாடம். இதுவரை பிள்ளையைக் குளிப்பாட்டியது, பள்ளியில் விட்டது, காய்ச்சல் இரவில் விழித்திருந்தது யார்? பள்ளியும் நண்பர்களும் மாறாமல் இருக்க வழி உண்டா? உடன்பிறந்தவர்கள் பிரியாமல் இருப்பார்களா? வீட்டில் வன்முறையோ போதைப் பழக்கமோ உண்டா? இவற்றோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள். பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள்: உங்களிடம் பிள்ளை இருந்தால், மற்றவரோடு அதன் உறவு தொடர விடுவீர்களா? அவரைப் பற்றிய குற்றப்பட்டியலை நாற்பது பக்கத்துக்குக் கொண்டுவருபவர், இந்தக் கடைசிக் கேள்வியில் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறார்.

பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயர், காலணி அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பயந்தால் என்ன செய்யும். இந்த நான்கும் உங்களுக்குப் பார்க்காமல் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். வழக்குக்காக என்றாலும் பரவாயில்லை.

நான் அவளைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறேன். அது எனக்குச் சாதகம்தானே?

பெரிதாக இல்லை. வருமானக் குறைவைப் பராமரிப்புத் தொகையால் சரிக்கட்டலாம் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். மூன்று மடங்கு சம்பளத்துக்காக இரவு ஒன்பது மணி வரை வேலையில் இருப்பவராக நீங்கள் இருந்தால், அது உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம்.

பிள்ளையையே கேட்டுவிட்டால் முடிந்தது. எதற்கு இவ்வளவு வழக்கு?

பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. மேலே சொன்ன ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவே அதுதான். இத்தாலியில் 12 வயதானால், அல்லது அதற்கு முன்பே விவரம் தெரிந்திருந்தால், கேட்டாக வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 14 வயதுப் பிள்ளை தான் யாரோடு இருப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். அதையும் நலனுக்குப் புறம்பானது என்று நீதிபதி தள்ளிவிட முடியும். இந்தியாவில் வயது வரம்பே இல்லை. யோசித்துச் சொல்லும் பக்குவம் இருந்தால் அந்த விருப்பத்தைக் கருதலாம் என்பதோடு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் நிறுத்திக்கொள்கிறது.

ஆனால் கேட்பது வேறு, தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் வைப்பது வேறு. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அவள் அத்தை, நான் தடுப்பதற்குள், “உனக்கு யார் வேண்டும்?” என்று கேட்டுவிட்டார். அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். திங்கள் அம்மா, செவ்வாய் அப்பா என்று போய், சனிக்கிழமையோடு ஆளுக்கு மூன்று நாள் ஆனது. ஒற்றை நாளாக ஞாயிறு நின்றது. கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்து வீட்டில் இருந்துகொள்கிறேன்” என்றாள். அவளுக்கு யார் வேண்டும் என்பது அந்தப் பதிலில் எங்கும் இல்லை. யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்ற பயம்தான் இருந்தது. இந்தக் கேள்வியைப் பயிற்சி பெற்றவர் கேட்கட்டும், தனியறையில், சுற்றிவளைத்து. வீட்டில் நீங்கள் கேட்காதீர்கள்.

கூட்டுக் கஸ்டடி என்றால் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கேயா?

அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் கேள்வியில் பிரித்த இரண்டையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் பொறுப்பு கூட்டாக இருந்து, வசிப்பு ஒருவரிடமே இருக்கலாம். நாடுகளே இதில் தடுமாறியிருக்கின்றன. ஆஸ்திரேலியா 2006இல், பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு உண்டு என்ற அனுமானத்தோடு வழக்கைத் தொடங்க வேண்டும் என்றது. பொறுப்பு என்று எழுதியிருந்ததைப் பலரும் நாட்கள் என்று படித்தார்கள். அந்தக் குழப்பமும் சேர்ந்துகொள்ள, 2024 மே முதல் அந்த அனுமானத்தையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் நேர்மாறு. விவாகரத்தானால் ஒருவருக்கு மட்டுமே பொறுப்பு என்றிருந்த சட்டத்தை 2024இல் திருத்தி, கூட்டுப் பொறுப்புக்கு வழி திறந்தார்கள்.

சரிபாதி நாட்கள் நன்றாக நடக்கும் வீடுகளும் உண்டு. அதற்கு இரண்டு வீடும் பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும், இருவரின் வேலை நேரமும் வளைந்துகொடுக்க வேண்டும், வாரத்துக்கு நாலைந்து முறையாவது சண்டையின்றிச் செய்தி பரிமாற முடிய வேண்டும். ‘எனக்குப் பாதி வேண்டும்’ என்பவர்களிடம் நான் ஒரு தாளைக் கொடுத்து, புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் யார் நிற்பார்கள் என்று எழுதச் சொல்வேன். பலருக்கு அந்த இடத்திலேயே பேனா நின்றுவிடும்.

எந்த வயதுக்கு எந்த அட்டவணை சரி?

கைக்குழந்தைக்கு ஒரு வாரம் என்பது முடிவில்லாத காலம். முகமும் மணமும் அடிக்கடி வந்துபோக வேண்டும். ஆகவே நீண்ட தங்கலைவிட, வாரத்தில் மூன்று நான்கு முறை சில மணி நேரம் என்பது நல்லது. அந்த நேரத்தில் விளையாட்டுக் காட்டிவிட்டுப் போகாமல், ஊட்டுவது, தூங்கவைப்பது, துணி மாற்றுவது என எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பழக்கம் வந்த பிறகு இரவுத் தங்கல்களை மெல்லக் கூட்டலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அட்டவணையைப் பால்தான் போடும், நீங்கள் அல்ல.

மழலைப் பருவத்தில் இரண்டு-இரண்டு-மூன்று என்ற முறை பலருக்கு ஒத்துவருகிறது: இரண்டு நாள் ஒருவர், அடுத்த இரண்டு நாள் மற்றவர், வார இறுதி மூன்று நாள் முதலாமவர். அடுத்த வாரம் அப்படியே திருப்பிப்போடுவது. யாரையும் மூன்று நாளுக்குமேல் பிரிந்திருக்க வேண்டியதில்லை. கைமாற்றம் அதிகம் என்பது இதன் குறை. பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு-இரண்டு-ஐந்து-ஐந்து முறை கொஞ்சம் நிதானமானது. திங்கள் செவ்வாய் எப்போதும் ஒருவர், புதன் வியாழன் எப்போதும் மற்றவர், வெள்ளி முதல் ஞாயிறு மாறி மாறி. எந்த நாளில் எந்த வீடு என்று பிள்ளைக்கே மனப்பாடமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வாரம்விட்டு வாரம் போதும்.

இவை மூன்றுமே 14 இரவில் ஏழு ஏழாகப் பிரிப்பவை. ஒரு வீடே பிரதானம் என்றால் ஒன்றுவிட்ட வார இறுதி என்பதுதான் பழைய முறை. அது 14 இரவில் இரண்டே இரவு. அதோடு வாரம் ஒரு இரவைச் சேர்த்தால் நான்காகிவிடும். பன்னிரண்டு நாள் பார்க்காமலிருந்து விருந்தாளிபோல வருவதற்கும், வாரத்தின் நடுவில் ஒருநாள் வீட்டுப்பாடத்துக்குக் கூட உட்கார்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பதின்வயதுக்கு அட்டவணை போடுபவர்களுக்கு என் அனுதாபங்கள். அவர்களுக்கு அம்மாவும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம், நண்பர்கள்தான் வேண்டும். அதை உங்கள்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிள்ளைகள் அதே வீட்டில் இருக்கட்டும், நாங்கள் மாறி மாறி வந்து தங்குகிறோம். இது நடக்குமா?

கூட்டில் குஞ்சுகள் இருக்க, பறவைகள் வந்துபோகும் ஏற்பாடு. சில மாதங்களுக்கு நன்றாக நடக்கும். மொத்தம் மூன்று வீட்டு வாடகை ஆகும் என்பது ஒரு சிக்கல். யார் பாத்திரத்தைக் கழுவாமல் போனது என்ற பழைய சண்டை திரும்ப முளைக்கும் என்பது இன்னொன்று. பிள்ளையின் தேர்வு முடியும்வரை என்பதுபோல முடிவு தேதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிள்ளையை ஒப்படைக்கும்போதெல்லாம் சண்டை வருகிறது. எப்படித் தவிர்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைத்திருப்பேன். நாட்கணக்குக்காக மூன்று வருடம் வாதாடுபவர்கள், கைமாறும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி ஒரு வரிகூட யோசித்திருப்பதில்லை. பிள்ளையோ அந்தப் பத்து நிமிடத்தை எண்ணித்தான் முந்தின நாளிலிருந்தே வயிற்றுவலி என்கிறது.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கைமாறியதை ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பார்த்தேன். அப்பாவின் வண்டி ஒரு மூலையில், அம்மாவின் வண்டி மறுமூலையில். இருவரும் இறங்கவில்லை. நடுவில் முப்பது நாற்பது அடி தூரம். அவன் முதுகில் பையும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவருமாகப் பாதி தூரம் வந்தவன், குனிந்து காலணியின் நாடாவைக் கட்டத் தொடங்கினான். வெகுநேரம் கட்டினான். இரண்டு வண்டியிலும் இருந்தவர்கள் பொறுமையிழந்து ஒலியெழுப்பினார்கள். அவன் எழுந்து போன பிறகுதான் கவனித்தேன், அது நாடாவே இல்லாத காலணி. இரண்டு பக்கமும் பார்க்காமல் இருக்க அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் தன் கால்தான்.

முடிந்தால் கைமாற்றத்தைப் பள்ளி வழியாக வையுங்கள். காலையில் ஒருவர் விடுவார், மாலையில் மற்றவர் அழைத்துக்கொள்வார், இருவரும் சந்திக்கவே வேண்டாம். விடுமுறையில், வைத்திருப்பவர் கொண்டுபோய் விடும் முறை நல்லது. வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார் என்ற எண்ணம் பிள்ளைக்கு வராது. வாசலில் பணம், வழக்கு, தாமதம் எதையும் பேசாதீர்கள். புத்தகம், மருந்து, சீருடை, கண்ணாடி என்று ஒரு பட்டியல் பையின் உள்மூடியில் ஒட்டியிருக்கட்டும். பல் துலக்கி, உள்ளாடை, இரவு உடை, பென்சில் பெட்டி ஆகியவை இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று இருக்கட்டும். எந்த வீட்டிலும் பிள்ளை பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வாழக் கூடாது.

அவர் வீட்டில் எந்த ஒழுங்கும் இல்லை. நள்ளிரவு வரை டிவி. நான் கட்டுப்படுத்த முடியாதா?

முடியாது. பள்ளியில் ஒரு சட்டம், விளையாட்டு மைதானத்தில் ஒரு சட்டம், தாத்தா வீட்டில் ஒரு சட்டம் என்று பிள்ளைகள் எளிதாக மாறிக்கொள்கிறார்கள். உயிர், உடல்நலம், படிப்பு ஆகியவற்றைத் தொடும் மூன்று நான்கு விஷயங்களில் மட்டும் பொதுவிதி வையுங்கள்: மருந்து நேரம், பள்ளி நாட்களில் தூங்கும் நேரம், வண்டியில் தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும், இணையக் கட்டுப்பாடு. மற்றதை விட்டுவிடுங்கள். நீங்கள் சேர்ந்து வாழ்ந்தபோதும் அவர் நள்ளிரவு வரை டிவி பார்த்தவர்தானே.

அங்கிருந்து வந்தால் இரண்டு நாள் எரிந்து விழுகிறாள். அங்கே ஏதோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

நடக்கலாம். அநேகமாக நடக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து பிரிந்த துக்கமும், இன்னொரு வீட்டுக்கு மாறும் அலுப்பும் சேர்ந்து வருவது அது. எரிந்து விழுந்தாலும் தாங்கிக்கொள்வார் என்று நம்புகிற இடத்தில்தான் பிள்ளை எரிந்து விழும். சுவாரசியம் என்னவென்றால், இதே புகாரை மற்றவரும் என்னிடம் சொல்வார், இதே சொற்களில். வந்ததும் “என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள், உன் அப்பா என்ன சொன்னார்” என்று விசாரிக்காமல் ஒருமணி நேரம் சும்மா விடுங்கள்.

உடலில் காயம், திடீரென்று படுக்கையை நனைப்பது, குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டாலே ஒடுங்குவது என்றால் அது வேறு. நீங்களே துருவித் துருவிக் கேட்டுப் பதிவுசெய்யாதீர்கள். அது பிள்ளையையும் குழப்பும், பின்னால் சாட்சியத்தையும் கெடுக்கும். அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

அவர் நாலு மாதமாகப் பணம் தரவில்லை. நான் ஏன் பிள்ளையைக் காட்ட வேண்டும்?

கோபம் நியாயமானது. வழிதான் தவறு. பராமரிப்புத் தொகையும் சந்திப்பும் இரண்டு தனித்தனிக் கணக்குகள் என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. பணம் தராதவர்மேல் வசூல் நடவடிக்கை எடுக்க நீதிமன்றத்தில் வழி உண்டு. பிள்ளையைக் காட்ட மறுத்தால் உத்தரவை மீறியவராக நீங்கள் ஆகிவிடுவீர்கள். பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் தரமாட்டேன் என்பவருக்கும் இதே பதில்தான். பராமரிப்பு, பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் தருவது. பார்ப்பதற்கான நுழைவுச் சீட்டின் விலை அல்ல.

போனில்கூடப் பேசவிடுவதில்லை. இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் யஷிதா சாஹு வழக்கில், கஸ்டடி கிடைக்காத பெற்றோருக்குப் பிள்ளையோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை இருக்க வேண்டும் என்று சொன்னது. நேரில் சந்திக்க முடியாத நாட்களுக்கு வீடியோ அழைப்பு நல்ல மாற்று என்றும் கருதியது. உங்கள் ஒப்பந்தத்தில் நேரத்தையும் எழுதுங்கள். ‘நியாயமான நேரத்தில்’ என்று எழுதினால் ஒவ்வொரு நாளும் அந்த நியாயத்தைப் பற்றித்தான் சண்டை வரும்.

பேசுகிறவருக்கும் ஒன்று. ஐந்து வயதுப் பிள்ளையிடம் “அப்புறம்?” என்று பத்து நிமிடம் கேட்க முடியாது. ஒரு கதைப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். மீதிக் கதைக்காக நாளைக்கு அதுவே போனைத் தேடி வரும்.

எங்களால் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. சேர்ந்து வளர்ப்பது எப்படி?

சேர்ந்து வளர்க்க வேண்டாம். தனித்தனியாக, இணைகோடுகளாக வளர்த்து வாருங்கள். அவரவர் நாளில் அவரவர் முடிவு. பேச்சு எழுத்தில் மட்டும், பிள்ளையைப் பற்றி மட்டும். பண்டிகை, விடுமுறை, நோய், தாமதம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே எழுதிய விதி. நெருப்பு அணைய ஓரிரு வருடம் பிடிக்கலாம். அதன் பிறகு பலர் சாதாரணமாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

செய்தியை எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். “வழக்கம்போல மறந்துவிட்டீர்கள், உங்களுக்கு வேலைதான் பெரிது” என்று எழுதினால் பதிலாக ஒரு சண்டை வரும். “வியாழன் 4 மணிக்குப் பல் மருத்துவர். நீங்கள் அழைத்துப்போக முடியுமா? செவ்வாய் இரவுக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் போகிறேன்” என்று எழுதினால் பதிலாக ஆம் அல்லது இல்லை வரும். அனுப்பும் முன், இதை நீதிபதி உரக்கப் படித்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளையைத் தூதனுப்பாதீர்கள். “அப்பாவிடம் பணம் கேட்டு வா” என்ற வேலையை எட்டு வயதுக்குக் கொடுக்கலாகாது.

வீட்டில் அடி உதை இருந்தது. எனக்கும் இதே அறிவுரைதானா?

இல்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. விட்டுக்கொடுங்கள், பேசிப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சமரச மேசையே உங்களுக்கு ஆபத்தான இடமாக இருக்கலாம். பயந்தவரும் பயமுறுத்தியவரும் சமமாக உட்கார்ந்து பேரம் பேச முடியாது. உங்கள் பாதுகாப்பு உத்தரவு முதலில். சந்திப்பு தேவை என்று நீதிமன்றம் கருதினால், மூன்றாமவர் மேற்பார்வையில், உங்கள் முகவரி தெரியாத இடத்தில், நீங்கள் எதிர்ப்படாத நேரத்தில் நடக்கும்படி கேளுங்கள். அடி உங்கள்மேல் மட்டும்தான் விழுந்தது, பிள்ளைமேல் விழவில்லை என்று வாதம் வரும். பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் வளர்ந்ததே பிள்ளைக்கு நேர்ந்த தீங்கு என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லட்டும்.

பிள்ளையை எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். இதற்கு ஏதோ நோய்ப்பெயர் உண்டாமே?

ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985இல் ‘பெற்றோர் விலக்கல் நோய்க்குறி’ என்று ஒன்றைச் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் அதை ஏற்கவில்லை. ஆனால் பிள்ளையின் மனத்தைக் கெடுப்பது என்ற நடத்தை உண்மையிலேயே உண்டு. நீதிமன்றங்கள் அதைக் கவனிக்கவும் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், வன்முறையைக் கண்டு பயந்து விலகும் பிள்ளையைக் காட்டியும் ‘அவள் கெடுத்துவிட்டாள்’ என்று சொல்ல முடியும். 2023இல் பெண்களுக்கெதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் எச்சரித்தது இதைத்தான்.

எனவே முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். பிள்ளை விலகுவதற்கு உங்களிடமே ஒரு காரணம் இருக்கிறதா? மறந்த பிறந்தநாள், கத்திய ஒரு மாலை? இருந்தால் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள், சாக்குச் சொல்லாமல். இல்லையென்றால், சந்திப்பை ஒன்றுகூடத் தவறவிடாதீர்கள். பிள்ளை உள்ளேயே இருந்துகொண்டாலும் சொன்ன நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். எதிர்ப்பிரசாரம் செய்யாதீர்கள். உத்தரவு மீறப்பட்ட தேதிகளைக் குறித்துவைத்து, மாதங்களைக் கடத்தாமல் நீதிமன்றம் போங்கள். இதில் தாமதம்தான் பெரிய எதிரி.

பேரனைப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லையா?

பிரான்ஸில் தாத்தா பாட்டியோடு உறவுகொள்வது பிள்ளையின் உரிமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2000இல் டிராக்ஸல் வழக்கில், பொறுப்பான அம்மாவின் முடிவை மீறி அப்படிச் சந்திப்பு தர மறுத்தது. ஆகவே ஊரைப் பொறுத்தது. நடைமுறையில், மருமகளையோ மருமகனையோ பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத பெரியவர்களுக்கு உத்தரவே தேவைப்படுவதில்லை.

அவர் வாழ்க்கையில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். என் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட வேண்டுமா?

வேண்டாம். கூப்பிடக் கூடாது என்று நீங்கள் தடைபோடவும் வேண்டாம். எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். உறவு உறுதியாகும்வரை அறிமுகப்படுத்தாமல் சில மாதம் பொறுங்கள் என்பதைத்தான் புதுத் துணை தேடியவர்களிடம் சொல்வேன். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளை, மூன்று மாதத்துக்கொருமுறை இன்னொருவரை இழக்க வேண்டாம்.

பிள்ளையோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டால் என்ன செய்வார்கள்?

கேட்ட தொனியே கவலைப்படுத்தியது. 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து மற்றவரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால் திருப்பி அனுப்ப வழிசெய்கிறது. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், சில விதிவிலக்குகள் தவிர, உடனே அனுப்பியாக வேண்டும். கஸ்டடி யாருக்கு என்பதைப் பிள்ளை வாழ்ந்த நாடுதான் தீர்மானிக்கும். இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை அதில் உள்ளன. இந்தியா இல்லை. அதனால் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் வழக்கை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக, நலனை வைத்துத் தீர்க்கின்றன.

இல்லை என்பதை ஓட்டை என்று எண்ணிக் கிளம்பியவர்கள், அந்த வெளிநாட்டுக்குத் திரும்பக் காலெடுத்து வைக்க முடியாமல், அங்கே கைது ஆணை காத்திருக்க, வருடக்கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். போக வேண்டியிருந்தால் முன்அனுமதி கேளுங்கள். விடுமுறைப் பயணம்தான் என்றால் திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, அழைப்பு நேரம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். மற்றவர் ஓடிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், பாஸ்போர்ட் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை இப்போதே உத்தரவில் கேட்டு வாங்குங்கள்.

உத்தரவு வந்தாயிற்று. இனி மாற்றவே முடியாதா?

முடியும். பிள்ளை பற்றிய உத்தரவு எங்குமே முற்றுப்புள்ளி அல்ல. சூழ்நிலை மாறியதைக் காட்டினால் போதும்: வேலை மாற்றம், இடமாற்றம், நோய், பிள்ளையின் வயது. ஆறு வயதுக்குப் போட்ட அட்டவணை பதின்மூன்று வயதுக்குப் பொருந்தாது என்பது நீதிபதிக்கும் தெரியும். வழக்குக்குப் போகாமலிருக்க, இரண்டு வருடத்துக்கொருமுறை உட்கார்ந்து திருத்துவோம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக மாற்றிக்கொண்டதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். இன்று சம்மதித்தவர் நாளை மறுப்பார்.

இவ்வளவும் செய்தாலும் பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்று தூக்கம் வருவதில்லை.

மேவிஸ் ஹெதரிங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பிரிந்த குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு நீடித்த பிரச்சினைகள் இருந்தன. பிரியாத வீடுகளில் அது நூற்றுக்குப் பத்து. ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நாலில் மூன்று பேர் தேறிவிட்டார்கள் என்பதும் அதே ஆய்வின் உண்மை. பிள்ளையைக் கெடுப்பவற்றில் முதலிடம் பெற்றோரின் ஓயாத சண்டைக்குத்தான் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதனால்தான் ஒப்படைக்கும் நேரத்தைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன்.

பள்ளி ஆண்டு விழா. இரண்டு பேரும் போகலாமா, போனால் எங்கே உட்கார்வது?

போங்கள். ஒரே வரிசை வேண்டாம் என்றால் இரண்டு வரிசை. ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் இருவரும் தெரிகிற இடமாக இருக்கட்டும், யார் எந்தப் பக்கம் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் யாரிடம் முதலில் ஓடுவது என்ற சங்கடத்தைத் தவிர்க்க, அன்று யாருடைய நாளோ அவர் சற்றுப் பின்தங்கி நிற்கலாம். படம் எடுப்பவர் ஒருவர் போதும். மற்றவருக்கு அன்றிரவே அனுப்பிவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காமல்.